கொன்டாக்ட்ஹோஃப்: அந்த ஒரு காட்சியைப் பதினாறு வயதுப் பெண்ணிடம் கொடுக்கலாமா?

கடைசிவரிசை எழுதியது:

போன வாரம் அடுத்தடுத்து இரண்டு இரவுகள் ஜெர்மன் நடன அமைப்பாளர் பினா பவுஷின் 'கொன்டாக்ட்ஹோஃப்' என்ற மேடைப் படைப்பைப் பார்த்தேன். முதல் இரவு, 65 வயதைத் தாண்டிய ஆண்களும் பெண்களும் ஆடிய பதிவு. மறுநாள், 14 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஆடிய பதிவு. இரண்டிலும் யாரும் தொழில்முறைக் கலைஞர்கள் இல்லை. எல்லோரும் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்து மனிதர்கள். ஆனால் ஆடியது 1978 டிசம்பரில் பவுஷின் சொந்தக் குழு அரங்கேற்றிய அதே படைப்பு. வயதானவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்யப்பட்டதல்ல.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உயரமான பழைய நடனக்கூடம். சுவரை ஒட்டி வரிசையாக நாற்காலிகள். ஆண்கள் கறுப்புக் கோட்டு, பெண்கள் பளபளக்கும் சாட்டின் உடை, குதி உயர்ந்த செருப்பு. ஒரு பெண் எழுந்து நேராக நம்மை நோக்கி வருகிறாள். நிற்கிறாள். பக்கவாட்டில் திரும்புகிறாள். முதுகைக் காட்டுகிறாள். முடியைப் பின்னுக்குத் தள்ளிப் பிடிக்கிறாள். பல்லைக் காட்டுகிறாள். கைகளை நீட்டி உள்ளங்கையையும் புறங்கையையும் காட்டுகிறாள். திரும்பிப் போய் உட்கார்ந்துவிடுகிறாள். பிறகு மற்றவர்களும் வந்து இதையே செய்கிறார்கள். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது நமக்குத் தெரியும். இங்கே பல்லைத் தானே திறந்து காட்டுகிறது மனித உடம்பு. பாலியல் தொழில் நடக்கும் இடங்களில் வாடிக்கையாளர்கள் பெண்களைப் பார்த்துப் பேசி முடிவு செய்யும் முற்றத்துக்குத்தான் ஜெர்மனில் கொன்டாக்ட்ஹோஃப் என்று பெயர்.

நான் பேச வந்தது பிற்பகுதியில் வரும் ஒரு காட்சியைப் பற்றி. ஒரு பெண் தனியாக நிற்கிறாள். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து அவளைச் சூழ்கிறார்கள். ஒருவன் தலையைத் தடவுகிறான். ஒருவன் மூக்கைத் தட்டுகிறான். ஒருவன் கன்னத்தைக் கிள்ளுகிறான். இன்னொருவன் அவள் கையைத் தூக்கி விடுகிறான். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே செல்லம் கொஞ்சும் சைகைகள். யாரும் அடிக்கவில்லை, யாரும் கோபப்படவில்லை. ஆனால் நிறுத்தவும் இல்லை. அவ்வளவுதான் காட்சி. நான் பார்த்த கொடூரமான மேடைக்காட்சிகளில் இதற்கு இணையாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

முதியவர்கள் இதைச் செய்தபோது எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது. படுத்த படுக்கையாகிவிட்டவரைச் சுற்றி நின்று ஆளாளுக்கு ஒரு பக்கம் திருப்பி, துடைத்து, தட்டிக்கொடுக்கும் கைகள். அதில் அன்பும் இருக்கிறது, அவரை ஒரு பொருளாக்கிவிட்ட அலட்சியமும் இருக்கிறது. மறுநாள் பிள்ளைகள் செய்தபோது அது பள்ளிக்கூடத்து வராந்தாவாகிவிட்டது. ஒரே சைகைகள், ஒரே வரிசை. உடம்புகள் மாறியதும் அர்த்தம் அடியோடு மாறிவிட்டது.

இந்தக் காட்சியைப் பிள்ளைகளின் வடிவத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும் என்று என்னுடன் பார்த்த நண்பர் சொன்னார். கூடாது என்கிறேன் நான். இந்தப் பயத்தை அந்த வயதுப் பெண்கள் ஏற்கெனவே அறிவார்கள். மேடையில் அதைச் செய்ய விடாமல் தடுப்பது அவர்களைக் காப்பாற்றாது, நம் கண்ணைத்தான் காப்பாற்றும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

இரண்டுபெண்களின்அம்மா எழுதியது:

நீங்கள் மனதாரச் சொல்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பவுஷ் எப்படி வேலை செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். 1978 வாக்கில் அவர் சைகைகளைச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டுத் தன் கலைஞர்களிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அவர்கள் சொல்லியும் செய்தும் காட்டிய பதில்களிலிருந்துதான் காட்சிகள் பிறந்தன. கொன்டாக்ட்ஹோஃப் அந்த முறையில் வந்த ஆரம்பப் படைப்புகளில் ஒன்று. ஆகவே முதல் குழுவில் அந்தப் பெண் நின்றபோது, அந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அதை உண்டாக்கியதில் அவளுக்கும் பங்கு உண்டு. வேண்டாம் என்று சொல்லும் வயதும் தொழில் அனுபவமும் அவளுக்கு இருந்தன.

பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. யாரோ முப்பது வருடத்துக்கு முன்பு சொன்ன பதில்கள் அவர்கள் கைக்குத் தயாராக வந்து சேர்ந்தன. மற்றவர்களின் காயத்தை அளவெடுத்துத் தைத்து அவர்களுக்குப் போட்டுவிட்டார்கள். உலகமே கொண்டாடும் ஒரு கலைஞரின் படைப்பில், ஊரே பார்க்கப்போகும் மேடையில், "உனக்குச் சம்மதமா" என்று கேட்டால் பதினாறு வயதுப் பெண் என்ன சொல்வாள்? சரி என்றுதான் சொல்வாள். அந்தச் 'சரி'யை நான் நம்ப மாட்டேன். அப்புறம், அந்த வயதுப் பெண்களுக்கு இந்தப் பயம் ஏற்கெனவே தெரியும் என்கிறீர்களே, தெரியும் என்பதற்காக மறுபடியும் அதற்குள் நிறுத்த வேண்டுமா?

தாளக்கட்டு எழுதியது:

இருவருக்கும் நடுவில் ஒரு விஷயம் சொல்லலாமா? நான் பதினெட்டு வருடம் பரதம் கற்றவள். ஒரு பயிற்சிப் பட்டறையில் கொன்டாக்ட்ஹோஃபின் தொடக்க நடையை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுந்து வருவது, நிற்பது, திரும்புவது, முடியைப் பிடிப்பது, பல், கை. ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டுவிடலாம் என்று நினைத்தேன். அன்று மாலைவரை எனக்கு வரவில்லை.

காரணம் என் முகம். கை போகும் வழியில் கண் போக வேண்டும், கண் போகும் வழியில் மனம் போக வேண்டும் என்று பழகிய உடம்பு இது. பல்லைக் காட்டச் சொன்னால் நான் என்னை அறியாமல் சிரித்தேன், அல்லது சீறினேன், அல்லது ஏதோ ஒரு பாத்திரமானேன். "ஒன்றும் செய்யாதீர்கள், பல்லை மட்டும் காட்டுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடைசியில் ஒருமுறை எதையும் சேர்க்காமல் உதட்டை விலக்கினேன். உள்ளே காற்று பட்டு ஈறு சில்லென்றது. எதிரே நின்றவர்கள் என் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபமா அழுகையா என்று தெரியாமல் தொண்டை அடைத்தது. நான் எதையும் நடிக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு கூச்சத்தை எந்த மேடையிலும் அனுபவித்ததில்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இந்தப் படைப்பில் உணர்ச்சியைக் கலைஞர் கொண்டுவந்து போட வேண்டியதில்லை, செயல் துல்லியமாக இருந்தால் போதும். எப்போது எழுவது, எந்த அடியில் திரும்புவது என்பதெல்லாம் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது. அந்த இறுக்கத்தால்தான் பயிற்சி இல்லாத முதியவர்களும் பிள்ளைகளும் இதைத் தாங்க முடிகிறது. பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருக்கிறது. 'நீ பயப்படு' என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால் அம்மா சொல்வதை நான் முழுசாக ஒத்துக்கொள்வேன். 'நில், இந்த இசை முடியும்வரை நில்' என்று சொல்லியிருந்தால் அது வேறு.

பகல்வெளிச்சம் எழுதியது:

தெரியாமல்தான் கேட்கிறேன், இதில் நடனம் எங்கே? நாட்டிய நாடகம் என்றால் கதை இருக்கும், பாத்திரங்கள் இருக்கும், ஜதி இருக்கும். நான் இணையத்தில் பார்த்த துண்டுகளில் ஆட்கள் நடக்கிறார்கள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே நகர்ந்து வருகிறார்கள், ஒருவரை ஒருவர் கிள்ளுகிறார்கள், மைக்கில் ஏதோ பேசுகிறார்கள். இதைப் பார்த்து ஊரே எழுந்து கைதட்டுகிறது. கைதட்டுபவர்கள் நிஜமாகவே ரசிக்கிறார்களா, தட்டாவிட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தட்டுகிறார்களா?

பழையஇதழ் எழுதியது:

பகல்வெளிச்சம், நீங்கள் கேட்டதை முதலில் கேட்டது வுப்பர்டால்தான், அதுவும் இவ்வளவு மரியாதையாகக் கேட்கவில்லை. 1973இல் பவுஷ் அந்த நகரத்து பாலே குழுவுக்குத் தலைமை ஏற்றார். அழகான பாலே பார்த்துப் பழகிய சந்தாதாரர்கள் கூட்டம் அங்கே இருந்தது. ஆரம்ப வருடங்களில் நிகழ்ச்சி நடக்கும்போதே எழுந்து கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்கள். இரவில் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டினார்கள்.

உச்சம் 1978 ஏப்ரலில், பக்கத்து ஊரான போஹுமில். ஜெர்மன் ஷேக்ஸ்பியர் சங்கத்தின் கூட்டத்துக்காக மேக்பெத்தை வைத்து ஒரு படைப்பு செய்தார் பவுஷ். மேக்பெத்தின் வசனத்தை எதிர்பார்த்து வந்த அறிஞர்கள் முன்னால் வசனம் இல்லாமல், கதை இல்லாமல் ஒன்று நடந்தது. கூச்சல் தாங்க முடியாமல் போனபோது ஜோசஃபின் ஆன் எண்டிகாட் என்ற கலைஞர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பார்வையாளர்களைப் பார்த்து நேராகப் பேசினார். அதன்பிறகுதான் தொடர முடிந்தது. அதே வருடக் கடைசியில் கொன்டாக்ட்ஹோஃப் வருகிறது, அதிலும் எண்டிகாட் ஆடுகிறார். பின்னாளில் 2000இல் முதியவர்களுக்கும் 2008இல் பிள்ளைகளுக்கும் இந்தப் படைப்பைச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவரும் அவரே. கூச்சல் போட்ட கூட்டத்தின் கண்ணைப் பார்த்துப் பேசிய ஒருவர் சொல்லிக்கொடுத்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பார்வையாளர் என்றால் யார், அவர்கள் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தோலோடு தெரியும்.

எதிர்ப்பு ஜெர்மனியோடு நிற்கவில்லை. 1984இல் குழு முதல்முறையாக அமெரிக்கா போனபோது, 'நியூயார்க்கர்' இதழின் நடன விமர்சகர் ஆர்லீன் க்ரோச்சி இவர்களுடைய மேடையை வலியின் ஆபாசம் என்ற பொருளில் எழுதினார். அந்தச் சொல் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பழித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. இரண்டுபெண்களின்அம்மா எழுப்பும் கேள்விக்கும் அதற்கும் உறவு உண்டு: ஒருவரின் வலியை மூன்று மணிநேரம் விளக்குப் போட்டுக் காட்டுவது எப்போது பகிர்வு, எப்போது சுரண்டல்?

நடனம் எங்கே என்பதற்கு என் பதில் தமிழிலிருந்துதான் வருகிறது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்கிறது. அதில் ஒன்று இளிவரல். வடமொழி ரசப் பட்டியலை வைத்துக்கொண்டு அதை அருவருப்பு என்று சுருக்கிவிடுகிறோம். ஆனால் தொல்காப்பியர் அதற்குக் கொடுக்கும் நான்கு நிலைக்களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. அழுக்கோ நாற்றமோ அல்ல. தான் தாழ்ந்துபோனதாகத் தன் உடம்பிலேயே உணரும் நிலை அது. கொன்டாக்ட்ஹோஃப் முழுக்க அந்த ஒரு மெய்ப்பாட்டைத்தான் நான் பார்க்கிறேன். கடைசிவரிசை முதியவர்களின் மேடையில் ஆஸ்பத்திரிக் கட்டிலைக் கண்டாரே, அது மூப்பும் பிணியும். பிள்ளைகளிடம் அது மென்மை. கால் ஜதி பிடிக்காவிட்டாலும், மெய்யில் படுவது மெய்ப்பாடு.

தாளக்கட்டு எழுதியது:

இளிவரல்! பட்டறையில் பல்லைக் காட்டி நின்றபோது எனக்கு வந்தது என்ன என்று இத்தனை வருடம் பெயர் தெரியாமல் இருந்தேன். நன்றி ஐயா.

கடைசிவரிசை எழுதியது:

அம்மா, உங்கள் பதிலை மூன்று நாளாக மனதில் வைத்துக்கொண்டு திரிகிறேன். 'மற்றவர்களின் காயத்தை அளவெடுத்துத் தைத்து' என்று எழுதினீர்கள். அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. பிள்ளைகளின் 'சரி'யைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அதனால் அந்த ஒத்திகைகளைப் பற்றிய ஆவணப்படத்தைத் தேடிப் பார்த்தேன். ஆனே லின்ஸலும் ரெய்னர் ஹாஃப்மனும் எடுத்த 'டான்ஸ்ட்ரொய்ம', 2010இல் வெளியானது. வுப்பர்டால் பள்ளிகளிலிருந்து வந்த 40க்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஏறக்குறைய ஒரு வருடம் ஒத்திகை செய்கிறார்கள். அவர்கள் நடனப் பள்ளிப் பிள்ளைகள் அல்ல. பலருக்குப் பவுஷ் யார் என்றே தெரியாது. முதலில் ஒருவர் தோளில் ஒருவர் கைபோடவே முடியவில்லை. இடுப்பை அசைத்து நடக்கச் சொன்னால் தரையைப் பார்க்கிறார்கள்.

படைப்பில் இன்னொரு காட்சி உண்டு. ஓர் ஆணும் பெண்ணும் மேடையின் இரண்டு ஓரங்களில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்தபடி ஒவ்வொரு ஆடையாகக் கழற்றுகிறார்கள். கூச்சத்தோடு, மெதுவாக. நடுவில் மேடை முழுக்க இடைவெளி. பெரியவர்கள் செய்யும்போது அது ஏக்கம். அந்தப் பையனும் பெண்ணும் அதை ஒத்திகை பார்க்கும்போது அவர்கள் கழற்றுவது துணியை அல்ல என்று எனக்குத் தோன்றியது. அவன் சட்டைப் பொத்தானில் விரல் நிற்கும் நேரம் இருக்கிறதே, எந்தத் தேர்ந்த நடிகனாலும் அதைச் செய்ய முடியாது. அதைப் பார்க்க எனக்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்வி வந்தது. வந்தது நல்லதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் ஆகாது.

பவுஷ் ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்து அவர்களைப் பார்க்கும் விதத்தையும் கவனித்தேன். அதிகம் பேசுவதில்லை. அதிகாரம் செய்யும் ஆள் மாதிரித் தெரியவில்லை. ஆனால் அதிகாரம் சத்தம் போட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை, அதுவும் உங்கள் பக்கத்து வாதம்தான். 2009 ஜூன் கடைசியில் அவர் இறந்துபோனார். படம் வெளியானபோது அவர் இல்லை.

சரி, என் நிலையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். அந்தக் காட்சியை நீக்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை. ஆனால் அதில் நிற்பவள் அன்றைக்கு வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் வேறொருவர் நிற்க வழி இருக்க வேண்டும்.

ரைன்கரை எழுதியது:

வேலை காரணமாக டுசல்டார்ஃப் பக்கம் இருக்கிறேன், வுப்பர்டால் ரயிலில் அரைமணி நேரம்தான். கொன்டாக்ட்ஹோஃபை இரண்டு முறை நேரில் பார்த்தேன். ஒருமுறை குழுவின் வழக்கமான நிகழ்ச்சி. இன்னொன்று 2024 நவம்பரில் வந்த புது வடிவம், அதைப் பற்றித்தான் இங்கே யாரும் பேசவில்லை.

முதல் குழுவில் ஆடிய மெரில் டாங்கார்ட் அதை உருவாக்கியிருக்கிறார். 1978இல் ஆடியவர்கள் 20 பேர். அவர்களில் ஒன்பது பேர், பெரும்பாலும் எழுபதுகளில் இருப்பவர்கள், அதே படைப்புக்குத் திரும்பி வருகிறார்கள். எண்டிகாட் உண்டு, லுட்ஸ் ஃபோர்ஸ்டர் உண்டு, டாங்கார்டும் உண்டு. மேடையை வடிவமைத்த ரோல்ஃப் போர்சிக் அந்தக் காலத்தில் எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களை மெல்லிய திரையில் காட்டுகிறார்கள். போர்சிக் 1980 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். திரையில் இளம் உடம்பு, அதன் பின்னால் அதே ஆளின் வயதான உடம்பு. இரண்டும் ஒரே நேரத்தில் முடியைப் பின்னுக்குத் தள்ளுகின்றன.

அதைவிட என்னை உலுக்கியது காலி இடம். ஜோடியாக ஆடும் பகுதிகளில் ஜோடி இல்லாதவர்கள் காற்றைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். கை வளைவு சரியாக ஒரு தோளின் அளவுக்கு இருக்கிறது. அங்கே தோள் இல்லை. 46 வருடம் கழித்தும் அந்தத் தோளின் உயரம் அந்தக் கைக்கு மறக்கவில்லை. ஒரு கட்டத்தில் திரையில் முழுக்கூட்டமும் வட்டமாகப் போகிறது, மேடையில் அதே வட்டத்தில் ஒன்பது பேர், அவர்களுக்கு நடுவே பல்போன மாதிரி இடைவெளிகள். யாரும் அதை நிரப்ப நெருங்கி வருவதில்லை.

இனி உங்கள் கேள்வி. பகல்வெளிச்சம் கைதட்டலைப் பற்றிக் கேட்டார். இரண்டு முறையும் நெடுநேரம் எழுந்து நின்று தட்டினார்கள். நானும் தட்டினேன், மனதாரத்தான். ஆனால் வழக்கமான நிகழ்ச்சியில் அந்த ஆண்கள் சூழும் காட்சி நடந்தபோது அரங்கில் ஒரு சத்தம் இல்லை. கதவு சாத்தும் சத்தம் இல்லை, முணுமுணுப்பு இல்லை. இது புகழ்பெற்ற காட்சி என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தயாராக வந்திருந்தார்கள். அந்த அமைதி மரியாதையா, பழக்கமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1978இல் கதவை அறைந்துவிட்டுப் போனவர்களுக்கு ஏதோ பட்டது, அதனால்தானே போனார்கள்.

பழையஇதழ் எழுதியது:

இந்தக் கடைசிப் பத்தியைத்தான் நானும் பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கப்பட்ட படைப்புக்கு வரும் ஆபத்து இதுதான். பாரிஸ் ஓபரா பாலேயே 2022இல் கொன்டாக்ட்ஹோஃபை ஆடிவிட்டது. எந்த மரபுக்கு எதிராக வந்ததோ அந்த மரபின் வீட்டுக்குள் அதற்கு நாற்காலி போட்டாகிவிட்டது.

ஆனால் ஒன்று: முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பவுஷ் இதைக் கொடுத்தது அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் என்று நான் நம்புகிறேன். பயிற்சி பெற்ற அழகான உடம்பு அந்தக் காட்சியில் நிற்கும்போது நாம் 'எவ்வளவு நன்றாகச் செய்கிறார்' என்று தப்பித்துக்கொள்ளலாம். 72 வயதுப் பாட்டி நிற்கும்போது அப்படித் தப்பிக்க வழியில்லை. ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் 2011இல் எடுத்த 'பினா' படத்திலும் பார்க்கலாம். குழுவினர், முதியவர்கள், பிள்ளைகள் மூன்று பேரையும் ஒரே சைகையில் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். ஒருத்தி திரும்ப ஆரம்பிக்கிறாள், முடிக்கும்போது அவளுக்கு ஐம்பது வயது கூடியிருக்கிறது.

பகல்வெளிச்சம் எழுதியது:

நேற்று முதியவர்களின் பதிவை முழுசாகப் பார்த்துவிட்டேன். எனக்கு இன்னும் இது பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியாது. நடுவில் வாத்துகளைப் பற்றிய படம் போட்டுக் காட்டுகிறார்களே, அது எனக்கு எட்டவில்லை. சில இடங்கள் மிக நீளம். ஆனால் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து தங்கள் காதல் கதையைச் சொல்லும்போது ஒருவர் மைக்கைக் கொண்டுபோகிறார், மைக் அருகில் வரும்போது மட்டும் அவர்கள் குரல் கேட்கிறது, அப்புறம் அடுத்தவர். மைக் போனபிறகும் அவர்கள் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அங்கே மட்டும் பின்னால் தள்ளி இரண்டு முறை பார்த்தேன். இது நடனமா என்று இனிமேல் கேட்க மாட்டேன்.

இரண்டுபெண்களின்அம்மா எழுதியது:

நானும் வீட்டில் பார்த்தேன். தனியாகப் பார்க்க வேண்டாம் என்று இரண்டு பெண்களையும் கூட உட்காரவைத்தேன். மூத்தவளுக்கு 19, சின்னவளுக்கு 15. முன்கூட்டியே ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் காட்சி முடிந்ததும் சின்னவள், "அவ நகரலாமே, ஏம்மா அங்கேயே நிக்கிறா?" என்று கேட்டாள். யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை, சுற்றிலும் இடம் இருக்கிறது, போய்விடலாமே என்கிறாள். என் வயதுக்கு நான் அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் திறக்கவில்லை. மூத்தவள்தான் சொன்னாள்: "அந்தப் பசங்க மூஞ்சியைப் பாரு, ஒருத்தன்கூட கெட்டவன் மாதிரி இல்ல. அதனாலதான் நிக்கிறா." அப்புறம் இரண்டு பேரும் ஒரு மணிநேரம் பேசினார்கள். பஸ்ஸில் நடந்தது, ட்யூஷனில் நடந்தது என்று எனக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன. அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

இதனால் நான் மாறிவிட்டேன் என்று சொல்லவில்லை. பார்த்தவர்களுக்கு நல்லது நடந்தது என்பதால், நின்றவளுக்கு நல்லது நடந்தது என்று ஆகிவிடாது. என் பெண்களில் ஒருத்தியை அங்கே நிறுத்த இன்றைக்கும் சம்மதிக்க மாட்டேன். ஆனால் காட்சியை நீக்கியிருந்தால் எங்கள் வீட்டில் அந்த ஒரு மணிநேரம் இருந்திருக்காது. இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன், கீழே வைக்க இடம் தெரியவில்லை.

கடைசிவரிசை சொன்ன, காரணம் கேட்காமல் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு எனக்கு ஏற்புடையது. எந்தக் குழு பிள்ளைகளை வைத்து இதைச் செய்தாலும் முதல் நாளே அதைச் சொல்லிவிட வேண்டும்.

தாளக்கட்டு எழுதியது:

உங்கள் மூத்த பெண்ணுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பட்டறையில் எங்களுக்கு அந்தக் காட்சியைச் சொல்லிக்கொடுத்தபோது ஆண்களிடம் சொன்ன ஒரே குறிப்பு, "உங்கள் வீட்டுக் குழந்தையைத் தொடுவதுபோலத் தொடுங்கள்" என்பதுதான்.

ரைன்கரை, ஒரு சின்னக் கேள்வி. நாணயம் போட்டால் ஆடும் மரக்குதிரை ஒன்று வருமே, ஒரு பெண் பார்வையாளர்களிடம் வந்து சில்லறை கேட்பாள். பதிவில் பார்க்கும்போது யாரோ கொடுக்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரிகிறது. நேரில் அது எப்படி இருக்கும்?

ரைன்கரை எழுதியது:

நான் இரண்டாம் வரிசையில் இருந்தேன். அவர் மேடையின் விளிம்புக்கு வந்து, மிகச் சாதாரணமாக, சில்லறை இருக்கிறதா என்று கேட்டார். எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். என் பையிலும் கார்டுதான் இருந்தது. பக்கத்து இருக்கையில் தனியாக வந்திருந்த ஒரு வயதான அம்மையார் மடியில் வைத்திருந்த பையைத் திறந்து, பர்ஸைத் தேடி, கண்ணாடி போடாமல் ஒவ்வொரு நாணயமாகத் தடவிப் பார்த்தார். அவ்வளவு நேரமும் மேடையில் அந்தக் கலைஞர் கையை நீட்டியபடி நின்றார். அரங்கமே அந்த பர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு நாணயம் முன்வரிசை வழியாகக் கைமாறிப் போனது. குதிரையில் ஏறி உட்கார்ந்தார். குதிரை ஆடியது. முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. காசுக்கு உண்டான நேரம் முடிந்ததும் நின்றுவிட்டது.

அந்த அம்மையாரோடு நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு ஆண்கள் சூழும் காட்சி வந்ததே, அது பாதி போய்க்கொண்டிருக்கும்போது அவர் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. காட்சி முடிந்ததும் விட்டுவிட்டார்.